இரண்டாவது பேட்டரி

குமுளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
பைலியின் ஷெட்டில் இரண்டு வேன்கள்.
இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும்.
ஒன்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஓடியது, கியர் வண்டி.
மற்றது ஏதோ ரிசார்ட்டில் இருந்தது,
தானே மாற்றிக்கொள்ளுமாம்.
"ரெண்டும் ஓட்டி நோக்கிட்டு
சாயங்காலம் சொன்னா மதி" என்றான் பைலி.

இருபத்திரண்டு வருடம்
கம்பத்திலிருந்து ஏலக்காட்டுக்கு
ஆள் ஏற்றிய ஜீப்காரன் நான்.
பதினான்கு பேர், பதினான்கு தூக்குவாளி,
இடது முட்டியில் தேய்ந்துபோன சவ்வு.
படி ஏறாதே, குத்தவைக்காதே என்றார் டாக்டர்.
கிளட்ச் பற்றி அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஒச்சம்மாள் அளவு டேப்போடு வந்திருந்தாள்.
சத்துணவுக் கூடத்தில் ரிட்டயர் ஆன பணம்,
அவளுடையது.
கட்டில் இங்கே, அடுப்பு இங்கே,
தண்ணீர் டேங்க் பின்சக்கரத்துக்கு மேலே என்று
பழைய வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளில்
கட்டம் போட்டு வைத்திருந்தாள்.
"ஆறடி ரெண்டு அங்குலம்" வேனுக்குள்ளிருந்து குரல்.
"ஒங்களுக்குப் போதும். எனக்கு மிச்சம்."

கியர் வண்டியை முதலில் எடுத்தேன்.
சக்குப்பள்ளம் தாண்டி மழை அறுத்த மண்பாதை.
குட்டை லீவரை லோவுக்குத் தள்ளியதும்
முனகிக்கொண்டே ஏறியது.
எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் என்று
உள்ளங்கைக்குத் தெரிந்தது.
உச்சியில் நிறுத்தியபோது
முட்டிக்குள் யாரோ ஆணி திருகினார்கள்.
நான் ஏலச்செடிகளைப் பார்த்தேன்.
அவள் என் முட்டியைப் பார்த்தாள்.

அடுத்த வண்டியில்
மூன்று முறை இடது கை கீழே போய்
வெறுங்கையாகத் திரும்பி வந்தது.
அதே மேடு. என்னைக் கேட்காமலே ஏறிவிட்டது.
இறக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம்.
குறைந்த வேகத்தில் போட்டேன். பிடித்தது,
ஒரு கணம் யோசித்துவிட்டு.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவள்
முன்சீட்டிலிருந்து எழுந்து
நடுவில் எதுவும் இடறாமல் பின்னால் நடந்தாள்,
திரும்பவும் முன்னால் வந்தாள்.
"வெளிய ஆனை நின்னாக்கூட
எறங்காமப் போயிப் படுத்துக்கலாம்.
ஸ்கூட்டி மாதிரிதான இது, நானும் ஓட்டுவேன்."

என்னிடம் கடைசியாக ஒன்று இருந்தது.
காட்டுக்குள் பேட்டரி செத்தால்
கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்.
இதைத் தள்ளினால் உருளும், அவ்வளவுதான்.
எத்தனை விடியலில் தள்ளியிருக்கிறார்கள் என் ஜீப்பை!
பதினான்கு பேரும் இறங்கி,
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு,
என்னைத் திட்டிக்கொண்டு.

"யாரு தள்ளுவா?" என்றாள் ஒச்சம்மாள்.
"நீங்க உள்ள இருந்தா நான்.
நான் உள்ள இருந்தா
இந்த முட்டிய வச்சிக்கிட்டு நீங்க.
சரி.
ஒருத்தர்தான் இருந்தா?"

பைலி ஸ்பானரைத் துடைத்தான்.
துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

அவள்தான் டேப்பைச் சுருட்டியபடி சொன்னாள்:
"ஃபேனுக்கும் லைட்டுக்கும்
கட்டிலுக்கு அடியில ரெண்டாவது பேட்டரி வக்கிறோமே,
அதுல இருந்து எஞ்சினுக்கு ஒரு ஒயர் இழுத்தா?"
"நடக்கும்" என்றான் பைலி.
"சுவிட்ச் ஒண்ணு வச்சுத் தராம்."
முடிச்சை அவிழ்த்து
முன்பணத்தை எச்சில் தொட்டு எண்ணினாள்.
நூறு ரூபாய் அதிகம் இருந்தது,
திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வேனை அன்றைக்கே ஓட்டி வந்தோம்.
செக்போஸ்ட் தாண்டி மலை இறங்குகிறது,
ராட்சதக் குழாய்கள் ரோட்டுக்குக் குறுக்கே.
லோயர் கேம்ப் வரை ஒவ்வொரு வளைவிலும்
என் இடது கால்
ஒன்றும் இல்லாத தரையை
மிதித்து மிதித்து விட்டுக்கொண்டே வந்தது.
ஒச்சம்மாள் பார்த்தாள்.
நாலாவது வளைவில் கேட்டாள்,
"வலிக்குதா?"
"இல்ல" என்றேன்.
அன்றைக்கு அது உண்மை.