யார் ஊற்றிய ஆயில்

பகல் அவனுக்கு, இரவு எனக்கு.
ஒரே ரெனோ டாக்சி. என்னைவிட நான்கு வயது மூப்பு.
சாவி கைமாறும், பேச்சு அதிகம் கைமாறாது.
"பிரேக் இடப்பக்கம் இழுக்குது" என்பான் சுலுஃபு.
"தெரியும்" என்பேன்.

அந்தானனரிவு குன்றுகளில் ஏறி உட்கார்ந்த ஊர்.
இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவோம்,
கல் பாவிய தெருவில் சக்கரம் மட்டும் கடகடக்கும்.
பெட்ரோல் டேங்க் துருப்பிடித்துப் பல வருஷம்.
கால்மாட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்,
அதன் வாயில் ஒரு குழாய், குழாயின் முடிவில் பம்ப்.
ஒரு குழந்தை கேட்டது:
வண்டி ஸ்ட்ரா போட்டுக் குடிக்குமா?

செப்டம்பரில் ஒரு ராத்திரி ஆயில் கம்பியை உருவினேன்.
போன வாரம் கீழ்க்கோட்டில் நின்றது
மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை.
நான் ஊற்றவில்லை.
ஆயில் விற்கிற விலையில், சொல்லாமல்,
அவன்தான் ஊற்றியிருக்கிறான்.
மனசு கேட்கவில்லை.
விடிகாலை சாவியோடு
சூடாக நாலு மூஃபு காசி நீட்டினேன்,
நம் பணியாரம் மாதிரிதான், அரிசி மாவு, நடுவில் மெத்தென்று.
வாங்கிக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.
சாயங்காலம் பார்த்தால்
மாதக்கணக்காய்ச் சிக்கிக் கிடந்த பின்கண்ணாடி இறங்குகிறது.

மூன்று வாரம் இப்படி.
நான் சீட்டைத் தைத்தேன்.
அவன் பாதி சிகரெட் பாக்கெட்டை விட்டுப் போனான்.
கம்பியில் ஆயில் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு ஏற்றங்களில் வண்டிக்கு இருமல் வந்தது.
ஒருநாள் கோழிக்கூடையும் தையல் மெஷினுமாய் ஒருவர்;
பாதி மேட்டில் நின்றுபோனது.
கார்புரேட்டர் குழாயைக் கழற்றி ஜாம் பாட்டிலில் விட்டு,
"சாவியைத் திருப்புங்க" என்றேன் அவரிடம்.
பீச்சியடிக்க வேண்டிய பம்ப்
பல் இல்லாத வாய்போல ஒழுகியது.
எதற்கோ ஆயில் கம்பியை உருவி முகர்ந்தேன்.
பெட்ரோல்.
விரல்களுக்கு நடுவே தேய்த்தால் தண்ணீராய் ஓடுகிறது.
வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து
பத்தடி தள்ளி நடந்துபோய் அணைத்தேன்.

ஞாயிறு இருவரும் இசூட்ரி சந்தைக்குப் போனோம்.
வுலுலுனா சாக்கை விரித்துப் பழைய பம்புகளை அடுக்கியிருந்தாள்.
உறிஞ்சும் வாயைக் கட்டைவிரலால் பொத்தி
நெம்புகோலை அமுக்கினாள்:
"பத்து எண்ணும்வரை தோலை விடக்கூடாது."
முதலாவது மூன்றில் விட்டது.
இன்னொன்று ஆறில்.
ஐந்தாவது பம்ப் என் விரலைக் கவ்விக்கொண்டு
பதினான்குவரை விடவில்லை.
காசு நான் பாதி, அவன் பாதி.

இரண்டே போல்ட்.
பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்;
ரப்பர் சவ்வில் நகக்கீறல் அளவு கிழிசல்.
கொஞ்சம் கார்புரேட்டருக்கு, மிச்சம் உள்வழியாக ஆயிலுக்கு.
நான் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டினேன்.
புதியது மெலிந்தால் நெம்புகோல் ஒடியும்,
தடித்தால் எட்டாது. அளந்துதான் வெட்டினோம்.

ஆயிலைக் கீழே திறந்துவிட்டோம்.
மூன்று லிட்டருக்குமேல் கொள்ளாத இடத்திலிருந்து
நாலு லிட்டர் சட்டியில் விழுந்தது.
குனிந்து பார்த்தபடி சுலுஃபு கேட்டான்:
"இதில் நீ எவ்வளவு ஊற்றினாய்?"
"நானா? நீ அல்லவா—"

சட்டியில் இரண்டு முகம், கறுப்பாக.
பக்கத்துக் கடை ரேடியோவில் யாரோ
அரிசி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
"அப்போ பணியாரம்?" என்றான்.
"அப்போ கண்ணாடி?" என்றேன்.
அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.
போல்ட்டை முறுக்கினோம்.

இப்போது கம்பி ஒழுங்காகக் குறைகிறது,
வாரத்துக்கு ஒரு மயிரிழை.
மறுநாள் விடிகாலை,
இனி எதற்கு மூஃபு காசி என்று யோசித்தேன்.
வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர்.
நின்றுகொண்டேதான் யோசித்தேன்.