நட்சத்திரம் போட்ட நாய்கள்

சால்ட்டோ ஊரில், ஜூலைக் குளிரில்,
டாக்டர் நெலிதா எச்செவெர்ரியின் கால்நடை மருத்துவமனைக்குப்
புதுக் கணினி வந்தது.
பழையது தொண்ணூற்றிரண்டில் வாங்கியது.
அதன் விசிறி கடைசி வாரம்
ஆஸ்துமாக்காரர் போல இழுத்துக்கொண்டிருந்தது.
என்னைக் கூப்பிட்டார்கள்.

கோப்பு ஒன்றுதான். திறக்கவில்லை.
பெயரை மாற்றினேன்.
நகல் எடுத்து, நகலின் நகலைத் தட்டினேன்.
மூன்று மென்பொருள்கள்
மூன்று விதமாகக் கைவிரித்தன.
இரண்டாம் நாள்தான் உறைத்தது:
குறிப்புகளுக்கென்று இதற்கொரு ஜோடிக் கோப்பு உண்டு,
அது பக்கத்தில் இல்லாமல் இது வாய் திறக்காது.
கிடைத்த இடம், குளிர்பெட்டியின் தலையில்,
'குதிரை: பூச்சி மருந்து' என்றெழுதிய டப்பா.
உள்ளே ஒரு பிளாப்பி.

டாக்டர் மாத்தே உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தார்.
"எல்லாம் இருக்கிறதா?"
"எல்லாம்" என்றேன்.
அந்தச் சொல்லில் இருந்தது வினை.

பழைய நிரல் எதையும் அழிப்பதில்லை.
அழி என்றால்
வரியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைக்கும்,
பிறகு பார்க்காதது போல் இருந்துகொள்ளும்.
செத்த நாய்களுக்கு டாக்டர் அப்படித்தான்
விடை கொடுத்திருந்தார்.
புதியதற்கு அந்த ஜாடை புரியவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு நாய்கள்
முப்பது வயதில், முப்பத்தைந்து வயதில்,
தடுப்பூசி வரிசைக்கு வந்து நின்றன.
வெள்ளி மாலை நினைவூட்டல்கள் தானாகவே அச்சாக,
சுல்மா உறையிலிட்டுத்
தபாலில் சேர்த்துவிட்டாள்.

புதன்கிழமை ரோசெண்டோ பின்டோஸ் வந்தார்,
நனைந்த தொப்பி, கையில் கடிதம்.
நான் எழுந்து நின்றேன்.
மன்னிப்பு தயாராக இருந்தது, மூன்று விதமாக.
"ஞாட்டோ செத்து இருபத்தாறு வருஷம்.
அது கிடக்கட்டும்.
ஒரு ஊசிக்குப் பன்னிரண்டாயிரம் பெசோவா?"

அது பழைய பெசோ, என்றார் டாக்டர்,
மூன்று பூஜ்யம் வெட்டுவதற்கு முந்தையது.
இன்றைய கணக்கில் பன்னிரண்டு.
"அந்த விலைக்கென்றால்
கொண்டுவந்திருப்பேன்."
யாரும் சிரிக்கவில்லை. பிறகு டாக்டர் சிரித்தார்.

நாயைப் பற்றி வேறென்ன இருக்கிறது என்று கேட்டார்.
குறிப்பைத் திறந்து வாசித்தேன், யோசிக்காமல்:
'கடிக்கும். கடித்துவிட்டு
மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்.
பின்னங்கால். எக்ஸ்ரே வேண்டாம் என்கிறார், காசில்லை.
எடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை.
கணக்கில் ஏற்றவில்லை.'

டாக்டர் எழுந்துபோய்
ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஜன்னலைத்
துடைக்கத் தொடங்கினார்.

ரோசெண்டோ என்னிடம் பேனா கேட்டார்.
கடிதத்தில் நாயின் பெயர்
யென் நாணயக் குறியோடு தொடங்கியது.
ஞாட்டோவின் முதலெழுத்து
அப்படித்தான் விழுந்திருந்தது.
அதை அடித்து,
மேலே அலைக்கோடு வைத்து, சரியாக எழுதி,
தாளை என் பக்கம் தள்ளினார்.
"இதைத் திருத்து."

எழுத்து அட்டவணையின் எண் தவறு.
1252 என்றிருந்ததை 850 ஆக்கினேன்.
ஒரு நிமிட வேலை,
முதல் நாளே செய்திருக்க வேண்டியது.