முப்பத்தோராவது நிமிடம்

ஏற்கத்தகாத கோப்பு என்றது தளம்.
சிவப்பில் சொன்னது,
ஏனென்று சொல்லவில்லை.

திம்மராயப்பா திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சூளகிரி மண்டியில் கொத்தமல்லியை இறக்கிவிட்டு
நேராக வந்திருக்கிறார். கடை முழுக்கப் பச்சை வாசம்,
ஃபேன் அதையே சுற்றிச் சுற்றி அடித்தது.

வாசல் போர்டில் பான் கார்டு, பட்டா, சிட்டா,
பஸ் டிக்கெட், ஜாதகம் என்று எழுதியிருக்கிறேன்.
வெடிச்சத்தம் அனுப்பித் தரப்படும் என்று எழுதவில்லை.

முதலில் பெயர்மேல் சந்தேகப்பட்டேன்.
"புதிய பதிவு 14".
தமிழ் எழுத்து, போதாததற்கு நடுநடுவே இடைவெளி.
இந்தத் தளங்களுக்கு இரண்டுமே ஆகாது.
குவாரி14 என்று ஆங்கிலத்தில் ஒட்டி அடித்தேன்.
மறுபடி சிவப்பு.

அடுத்து வால்.
இருந்ததை அழித்துவிட்டு
எம்பி த்ரீ என்று ஒட்டிப் பார்த்தேன்.
"ஆட்டுக்கு மாட்டு மணி கட்டினா
கறக்கறப்போ தெரிஞ்சிடுமே மேடம்"
பாதி தெலுங்கில் சொன்னார்.
தளத்துக்கும் தெரிந்துவிட்டது.

நிஜமாகவே மாற்றினேன். கோடு ஊர்ந்து
தொண்ணூறைத் தொட்டு, நின்று,
அளவு மிகுதி, இரண்டு எம்பிக்குள் இருக்க வேண்டும்.
அவருடையது முப்பத்தெட்டு நிமிடம்,
முப்பத்தாறு எம்பி.

"அவ்ளோ நேரம் எதுக்குங்க பிடிச்சீங்க?"
"சொல்லிட்டா வெடிக்கிறானுங்க?"

வெட்ட உட்கார்ந்தோம், இயர்போனில் ஆளுக்கு ஒரு காது.
கோழி. துவைக்கிற கல்.
யாரோ முனிரத்னாவைக் கூப்பிடுகிறார்கள், அவள் வரவில்லை.
குக்கர் விசில் மூன்று.
பதினேழில் இவரே தும்முகிறார்,
அதைக் கேட்டு இங்கே உட்கார்ந்து சிரிக்கிறார்.

திரையில் அதெல்லாம் எறும்பு வரிசை.
முப்பத்தோராவது நிமிடத்தில்
வரிசை சட்டென்று மேலும் கீழும் சுவராகிறது.
சுவரின் தலை மட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறது.
போனின் மைக்குக்கு அதற்குமேல் ஏற முடியவில்லை.

அதைமட்டும் நறுக்கி, தரத்தைக் குறைத்து,
ஸ்பீக்கரில் போட்டேன்.
டப்.

"சாக்கு மூட்டை போட்ட மாதிரி இருக்குதே.
யாரு நம்புவாங்க?
செவுத்துல விரல் போற அளவு விரிசல்."

விரிசலைப் படமெடுத்து அனுப்பலாமே என்றேன்.
அனுப்பியாயிற்றாம்.
பழைய வீடு என்று பதில் வந்ததாம்.

மறுபடி முழுசாக ஓடவிட்டேன்.
வெடித்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை,
நானும் நிறுத்தவில்லை.
அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டு நடுங்குகின்றன,
இவ்வளவு நேரமா என்று நினைக்கும் அளவுக்கு.
ஒரு டம்ளர் உருள்கிறது, நிற்கப் பார்க்கிறது,
விளிம்பு தாண்டி விழுகிறது.
கோழிச் சத்தமே இல்லை.
கூப்பிட்டபோது வராத முனிரத்னா
நாயனா நாயனா என்று எங்கிருந்தோ ஓடிவருகிறாள்.
அப்புறம் அழுகை, பதிவு முடியும்வரை.

"இங்கிருந்து வைங்க."
"வெடி வேணாமா?"
"அது அவனுங்களுது."

ஏழு நிமிடம். ஒன்றே முக்கால் எம்பி.
கோடு நூறைத் தொட்டது.
ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினோரு இலக்க எண்.
மண்டி ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன்.
நாற்பது ரூபாய்க்கு முப்பதும் ஒரு கட்டு மல்லியும் தந்தார்.
கேப்பாங்களா என்று அவர் கேட்கவில்லை.
நான் பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு
கடையின் கண்ணாடிக் கதவு லேசாக நடுங்கியது.
பைபாஸில் போகும் டிரெய்லராக இருக்கலாம்.
புதிய பதிவு 14
இன்னும் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது.
அழிக்கலாமா என்று கேட்கிறது கணினி,
இடம் போதவில்லையாம்.