பதினேழாம் பொத்தான்

மயாகுவெஸ் துறைமுகம், எழுபத்து நான்காம் வருடம்.
என் இடுப்பில் நாற்பத்தொரு சாவிகள்,
நாற்பத்தொரு மதுக்கடைகளின் பாட்டுப்பெட்டிகளுக்கு.
திங்கள் துறைமுகம், செவ்வாய் அன்யாஸ்கோ,
புதன் முழுக்க உப்புக்காற்றில் காபோ ரோஹோ.
காசைக் கொட்டி எண்ணுவேன்.
தேய்ந்த இசைத்தட்டை உருவிப் புதியதைச் செருகுவேன்.
"நெரெய்தா வந்துட்டா, இனி வேற பாட்டு" என்பார்கள்,
காற்று திசை மாறியதைச் சொல்வதுபோல.

ஒவ்வொரு பாட்டுக்கும் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம்.
எத்தனை முறை சுழன்றது என்று அது சொல்லும்.
ரேடியோக்காரன் உறை வாங்குவான்,
பத்திரிகைக்காரன் விருந்துக்குப் போவான்,
பல்சக்கரத்துக்குக் கையுமில்லை, வயிறுமில்லை.
அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடத்தைக் கேட்கிறீர்கள். சரி.
மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் ‘ஈரக் கயிறு’ வந்தது.
நான்கு டிராம்போன், ஒரு சண்டைக்காரப் பாடகன்.
பிப்ரவரிக்குள் அன்யாஸ்கோவில் இரண்டு ஊசிகளைத் தின்றுவிட்டது.
பெரிய வெள்ளியன்று எல்லாப் பெட்டியும் ஊமை;
கரும்பு லாரிக்காரர்கள் அந்த மௌனத்தையும்
ஞாயிறன்று வட்டியோடு வசூலித்தார்கள்.
ஜூனில், ஊரே பின்பக்கமாய் நடந்து கடலில் விழும் யோவான் இரவில்,
சாந்தோ தொமிங்கோவிலிருந்து ஒரு மெரெங்கே,
மூச்சு வாங்க இடமே விடாதது.
ஆகஸ்டில் பிராங்க்ஸ் பையன்களின் இசைக்குழு.
கரும்புத் தீயைப் பாடினார்கள்
கரும்பையே பார்த்திராத குரலில்.
ஆனாலும் சுட்டது.
அக்டோபரில் பாரங்கீயாவின் அக்கார்டியன் ஒன்று வந்து
யாரும் தொடாமல் திரும்பிப் போனது.
எனக்குப் பிடித்திருந்தது. அதனால் என்ன?

‘தூண்டில் முள்’ மட்டும் கணக்கில் அடங்கவில்லை.
சூரைமீன் டப்பா ஆலைக்கு எதிரே, கிரிசாந்தோவின் கடை.
அங்கே கோடையில் பதினேழாம் எண் காட்டியது
அறுநூற்று நாற்பது.
எல்பிடியோ ராங்கெலின் பொலேரோ, அதுவும் தட்டின் பின்பக்கம்.
மூன்று தட்டோடு பாட்டை விட்டுவிட்டு
பேருந்து ஓட்டப் போனவன் அவன்.

சான் ஹுவானுக்கு எழுதினேன். கம்பெனிக்கு வாயூறியது.
மறுபடி ஐந்நூறு அச்சடித்து என் தலையில் கட்டினார்கள்.
மற்ற நாற்பது கடைகளிலும் வைத்தேன்.
இரண்டு. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம்.
ஐந்நூறும் உருக்கப் போயின.
கோபத்தில் ஒன்றைக்கூட ஒளித்துவைக்கவில்லை நான்.

நவம்பரில்தான் அந்தப் பெட்டியின் வயிற்றைக் கழற்றினேன்.
பதினேழின் ஸ்பிரிங் முறிந்து உள்ளே கிடந்தது.
எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
இரும்புக்கை போய் நிற்பது ராங்கெலிடம்.
எட்டு மாதம்!
"ஏன் சொல்லவில்லை கிரிசாந்தோ?"
"முதல் மாதம் பெட்டியை உதைத்தார்கள்,
இரண்டாம் மாதம் என்னை.
அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை"
என்று துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தான்.

ஸ்பிரிங் மாற்றினேன்.
பெட்டி இப்போது சொன்னபடி கேட்டது.
டிராம்போன் கேட்டால் டிராம்போன்.
அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன், பதினேழில்
ஒன்பது.
காக்கை உட்காராமலே விழுந்த
ஒன்பது பனம்பழம்.

டிசம்பரில் பத்திரிகை வருடத்தின் இருபது ஹிட்டை அச்சிட்டது.
‘ஈரக் கயிறு’ முதலிடம்.
மறுக்கவில்லை, ஊசி போனது என் காசு.

ராங்கெலின் தட்டு தேய்ந்து வெளுத்துவிட்டது.
மாற்றி வைக்க வேறில்லை.
இரண்டாம் அடியில் ஊசி ஒரு சொல்லைத் தாண்டிக் குதிக்கிறது.
மூன்று மணி ஷிப்ட் முடிந்து
எலுமிச்சை தேய்த்தும் மீன்வாடை போகாத கைகளோடு
ஒப்துலியாவும் மற்றவர்களும் வந்து உட்காருகிறார்கள்.
கூலியைப் பற்றி, ஒருத்தியின் பல்வலியைப் பற்றிப் பேச்சு.
ஊசி குதிக்கும் இடம் வரும்போது
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்கள்,
பக்கத்தில் இருப்பவளுக்குக் குறைந்த
சில்லறையைப் போடுவதுபோல.