நொடிக்குப் பன்னிரண்டு

மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
காலையிலிருந்து நாற்பத்து மூன்று நெஞ்சுக்கூடுகளிடம்
சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.
எக்ஸ்ரே அறையில் அசைந்தவரை
மறுபடி நிற்க வைப்பேன்.
இப்போது மார்த்தாண்டம் பாலத்தின் கீழே
சிசில் அண்ணன் கடையில்
அசைவதற்கென்றே ஒரு பெட்டி தேடுகிறேன்.

கேட்டது பெனிஷா. பத்து வயது.
ஆட்லினுக்கு ஐந்து. அவன் எதையும் கேட்பதில்லை,
எடுத்துக்கொள்வான்.

முதல் பெட்டியில் பச்சைத் துணி, ஆறு ரோபோக்கள்,
ஒரு டைனோசர், மடித்து வைத்த காகித நகரம்.
இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ரோபோவின் முழங்கையை மடக்கிப் பார்த்தேன்.
விட்டதும் மெல்ல இறங்கியது.
தொழில் தெரிந்தவள் சொல்கிறேன்,
இந்த மூட்டு இரண்டு வாரம் தாங்காது.

அடுத்ததில் பதினெட்டு நிறக் களிமண்.
முகர்ந்தேன்; மண்ணெண்ணெய் நெடி.
"வாயில வச்சா ஒண்ணும் ஆவாதுல்லா அண்ணே?"
"ஒண்ணும் ஆவாது சிஸ்டரே,"
பெட்டியில் எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்தபடி.
நான் சிஸ்டர் இல்லை என்று திருத்துவதை
விட்டுப் பல வருடமாயிற்று.

அலமாரியின் அடியில் கிடந்த பெட்டியில்
பொம்மையே இல்லை.
கழுத்து வளையும் ஒரு தாங்கி,
போனைக் கவ்வும் பிடி,
தொடாமலே படமெடுக்க ஒரு பொத்தான்,
பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு.
அட்டை நசுங்கி, எழுநூற்றைம்பது.
"இத ஆரும் வாங்க மாட்டாவ.
உள்ள பிள்ளையளுக்கு ஒண்ணுமில்ல."

தாங்கியை மேசையில் நிறுத்தி
விரலால் தட்டினேன்.
மேலே பாலத்தில் திருவனந்தபுரம் பஸ் போனது;
கண்ணாடி அலமாரி கிலுகிலுத்தது,
இது நின்றது.
பார்க்கிற கண் ஆடினால்
ஒரு எலும்பு இரண்டாகத் தெரியும்.
போதும், இதையே கட்டுங்க என்றேன்.

பில் போடும்போது மனக்கணக்கு.
நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.
நிமிடத்துக்கு எழுநூற்று இருபது.
இவளுக்க அப்பா தம்மாமிலிருந்து வருவது
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.
அவருக்கு ஆட்லின் இதுவரை மூன்று படம்:
தொட்டிலில், என் இடுப்பில், சைக்கிளில்.
நடுவில் உள்ளதை அவரே
இட்டு நிரப்பிக்கொள்கிறார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் தொடங்கினாள்.
நடிக்க ஆளில்லாததால்
ஒரு சீப்பு மட்டிப்பழம்.
நாலு பழங்கள் சீப்பிலிருந்து கழன்று
மேசையைக் கடந்து ஓடிப்போகும் கதை.
அரை விரற்கடை நகர்த்து. கையை எடு. பொத்தான்.
அரை விரற்கடை. கையை எடு. பொத்தான்.
மேகம் வந்து ஜன்னல் இருண்டது,
வெயில், மறுபடி மேகம்,
கரண்ட் போய் வந்தது.
கதவருகே நின்ற நான்
யாரும் சொல்லாமலே
மூச்சைப் பிடித்திருந்தேன்.

முப்பத்தொன்றாவது படத்துக்குப் பிறகு
தண்ணீர் குடிக்கப் போனாள்.
திரும்பியபோது பழங்கள் மூன்று.
"லே, எனக்க நடிகனத் தின்னுட்டியாலே!"
வாய் நிறைய நடிகனோடு
ஆட்லின் இல்லையென்று தலையாட்டினான்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
தோலை அவன் கையிலிருந்து வாங்கி
மேசையில் விரித்தாள்.
மற்ற மூன்றையும் அதன் பக்கம் லேசாகத் திருப்பினாள்.
பொத்தான்.
அப்படியே இன்னும் இரண்டு முறை பொத்தான்.
பிறகு ஓட விட்டாள்,
இப்போது ஒரு முழு விரற்கடை, ஒரு முழு விரற்கடை.

மொத்தம் நான்கு நொடி.
இரவு தம்மாமுக்கு அனுப்பினோம்.
பழங்கள் விக்கி விக்கி ஓடின,
வெளிச்சம் மினுங்கியது,
ஒன்று தோலாகிப் போனது.
"நெட்டு கிட்டலியா மக்களே,
எனக்கு விட்டுவிட்டுத்தான் ஓடுது," என்றார்.

"இல்லப்பா, இது இப்பிடித்தான்," என்றாள் பெனிஷா.
"இன்னொருக்கா பாருங்க."