அளவுக்கு நிற்பவர்

நான் கேட்டு வந்தது கால்வாயின் அகலம் மட்டும்.
வெள்ளம் பற்றி ஒரு கட்டுரை,
அதற்கு இரண்டு எண்கள் போதும்.
கேனிங் ரைஸ் சரிவில், குளிர் உறுமும் வாசிப்பறையில்
ரொஹானா பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.
பேனா கூடாது, பென்சில்தான்.

பொதுப்பணித் துறை, ஆல்பம் ஏழு, முப்பத்து நான்காம் வருடம்.
ரோச்சோர், வடக்குப் பார்த்த தோற்றம், சுவர் கட்டுமுன்.
ரோச்சோர், வடக்குப் பார்த்த தோற்றம், சுவர் கட்டியபின்.
படத்துக்குப் படம் அடிக்கு அடி கறுப்பு வெள்ளை பூசிய ஒரு கோல்,
கோலைப் பிடித்தபடி ஓர் ஆள்.
குறிப்பில் பொறியாளர் பெயர் இருக்கிறது.
சிமெண்டு எந்தக் கம்பெனி என்றுகூட இருக்கிறது.
அவர், பார்க்கிறவர்களுக்கு ஆழம் தெரிய நிற்கிறார்.

மூன்று நாள் அகலத்தை எழுதிக்கொண்டேன்.
நான்காம் நாள், பன்னிரண்டாம் படத்தில்
அவருடைய இடது கட்டைவிரலில் துணிக்கட்டு.
பதினைந்தில் கட்டு அழுக்கேறியிருக்கிறது.
பத்தொன்பதில் கட்டு இல்லை.
அதற்குப் பிறகு எனக்குக் கால்வாய் கண்ணில் படவில்லை.

இதே ஆல்பத்துக்காகப் பக்கத்து மேசையில் காத்திருந்தார்
ஓவியர் சியோக் லெங்.
மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் வேண்டுமாம்.
பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கோலோடு ஒப்பிட்டு
"ஐந்தடி இரண்டங்குலம்" என்றார். "என் உயரம்."

சம்பளப் பதிவேடு வேறு பெட்டி, வேறு கோரிக்கைத் தாள்.
சங்கிலி பிடிப்பவர்கள் மூவர், நாளுக்கு ஐம்பத்தைந்து காசு.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊதா ரேகை.
ஜூலையில் மூன்றும் முழுசாக.
ஆகஸ்டில் ஒருவர் மட்டும் வேறு விரல் வைத்திருக்கிறார்.
செப்டம்பரில், அதே வரிசையில்,
சுழிகளின் குறுக்கே வெள்ளையாய் ஒரு வெட்டு.
சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல,
ரொஹானா நிமிர்ந்து பார்த்தார்.

எதிரே குமாஸ்தாவின் சாய்ந்த ஆங்கிலத்தில் பெயர்.
காத்தானா, காதனா, கத்தனா?
அந்த இருபத்தாறு எழுத்தில் நெடிலுமில்லை, ஒற்றுமில்லை.
அடுத்த மாதம் முதலெழுத்தையே மாற்றியிருக்கிறான்.
யாராவது கூப்பிடும்போது பக்கத்தில் நின்றிருந்தால் தெரியும்.
காகிதம் கூப்பிடாது.

விவரத் திருத்தப் படிவம் என்று ஒன்று உண்டாம்.
பொருள்: கால்வாய், வடிகால், தடுப்புச் சுவர்.
அதன்கீழ் 'ஆள்' என்று எழுதி, 'காத்தான்' என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
"குறியை எடுத்துவிடவா? தேடுகிறவர்களுக்குச் சுலபம்."
இருக்கட்டும் என்றேன்.

கட்டுரை அச்சாகிவிட்டது. அகலம் பதினெட்டடி.
அவர் இருபத்து மூன்றாம் அடிக்குறிப்பு.
சியோக் லெங் கால்வாயை வரையவில்லை, கோலையும்.
ஆள் உயரத்துக்குச் சாம்பல்,
எதையும் பிடிக்காமல் மூடியிருக்கும் ஒரு கை.

நான் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன்.
நவம்பர் ஒன்பது, கடைசிப் படம்:
கோல் தனியாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
பதிவேட்டில் அன்றைக்கு அவருக்குச் சுழியம்.
எங்கே போனார் என்பது எந்தப் பெட்டி என்று
ரொஹானாவுக்கும் தெரியவில்லை.
வேறு துறையாக இருக்கலாம் என்று
புதிய கோரிக்கைத் தாளை நீட்டுகிறார்.