நான் எழுதித் தராத கடிதம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
ரப்பர் ஷீட் கடைக்கு மேல் என் அறை.
மழை நாளில் புகைப்புரை வாடை
படியேறி வந்து நாற்காலியில் உட்காரும்.
முதல் நாள் ஜெபிஷா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:
"இது என்ன நாத்தம் டாக்டர்?"
டாக்டர் இல்லை, கவுன்சிலர்.
"அப்போ நீங்க என்ன செய்வீங்க?"
அதற்கு இன்னும்
சரியான பதில் சொல்லவில்லை நான்.

கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள்.
எனவே எல்லாம் தேதிவாரியாக:
மனுவின் நகல், மகனின் தடுப்பூசி அட்டை,
ஷார்ஜாவிலிருந்து நள்ளிரவில் வந்த ஏச்சுகள்
பிரிண்ட் எடுத்து, பஞ்ச் போட்டு,
ஜவுளிக்கடை மஞ்சள் பையில்.
"இத வாசிச்சாப் போதும், உங்களுக்கே தெரிஞ்சிரும்."
பை வெளியே இருக்கட்டும், நீங்கள் உள்ளே வாங்க என்றேன்.
அழகாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு.
அவளுக்கு எரிச்சல் வந்தது.
நியாயம்தான்.

முதல் மாதம் முழுக்க உறக்கத்தைப் பற்றியே பேசினோம்.
இரவு இரண்டரைக்கு
விரல் தானாக அவன் நம்பரைத் தேடுகிறதாம்.
நோட்டில் எழுதுங்கள்,
அனுப்பாதீர்கள்.
நாற்பது பக்க நோட்டு பதினோரு நாளில் தீர்ந்தது.
அடுத்தது இருநூறு பக்கம் வாங்கினாள்,
அதுதான் லாபம் என்றாள்.

நாகர்கோவில் கோர்ட்டுக்கு முந்தைய வியாழன்
கைகளை எங்கே வைப்பது என்று பார்த்தோம்.
நான் எதிர்த்தரப்பு வக்கீல்.
"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று
நீங்கள் ஆபீசில்தானே இருந்தீர்கள்?"
அவள் மூச்சு தொண்டையில் நின்றது.
மேசையில் விரல் ஊன்றி,
தரையில் கால் ஊன்றி,
"ஆமா" என்றாள்.
வேறு எதுவும் சேர்க்காமல்.
அந்த ஒரு "ஆமா"வுக்கு
முக்கால் மணி நேரம் ஆனது.

சனிக்கிழமை பத்து முதல் நாலு வரை
அக்சின் அப்பாவோடு.
ஒரு ஞாயிறு, மெத்தைக்கு அடியில்
சிவப்புச் சட்டை ஒன்று, விலைச்சீட்டு கிழிக்காமல்.
ஏழு வயசு.
அம்மை பார்த்தால் வருத்தப்படுவாள் என்று
அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டான்.
"கேக்கவா, வேண்டாமா?"
கேட்க வேண்டாம். துவைத்து, மற்ற துணிகளோடு
மடித்து வையுங்கள், மேலாக.
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
அந்தச் சட்டையை நானே வாங்கிக் கொடுத்ததுபோல.

பிறகுதான் கடிதம்.
"வக்கீல் சொன்னாரு, நாலு வரி போதும்.
அவருக்குப் புத்தி சரியில்ல, எனக்குச் சரி."
நான் அவரைப் பார்த்ததே இல்லை, ஜெபிஷா.
உங்களைப் பற்றி எழுதினாலும்
இந்த அறை கோர்ட்டுக்கு ஒரு மூலையாகிவிடும்,
அப்புறம் இங்கே அழுவதற்கு முன்
யோசிப்பீர்கள்.
"அப்போ எதுக்கு எண்ணூறு ரூபா?
நீங்க எனக்க பக்கமா, இல்லியா?"
ஆமாம் என்றால் பாதிப் பொய்,
இல்லை என்றால் முழுப் பொய்.
சொல் தேடுவதற்குள்
மஞ்சள் பை படியிறங்கிவிட்டது.

அன்றிரவு இரண்டரைக்கு நான் விழித்திருந்தேன்.
நோட்டு எடுத்தேன். எழுதினேன்.
அனுப்பவில்லை.

ஆறு வாரம் கழித்து
போன் செய்யாமல், நனைந்த குடையோடு வந்தாள்.
பை இல்லை. உட்காரவும் இல்லை.
"அந்தச் சட்டையத் துவச்சேன்.
சாயம் போற துணி.
எனக்க பிள்ளைக்க யூனிபார்ம் ஒக்கச் செவந்து போச்சு.
டீச்சர் கேட்டதுக்கு அவன் சொல்லியிருக்கான்,
'எங்க அம்மையும் அப்பாவும் சேந்து
கலர் மாத்தினாங்க'ன்னு."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
சிரிப்பு நடுவழியில் வேறொன்றானது.
டிஷ்யூ பெட்டியை நான் நகர்த்தவில்லை.
அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
தீர்ப்பு எப்படி வரும் என்று
இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.
கீழே ஷீட் எடை போடுகிறார்கள்.
"வியாழன் வரவா?"

வாங்க.